நாலந்தாவின் கல்லும் நான் எழுதாமல் விட்ட பெயரும்

நாலந்தா என்றதும் பெரும்பாலான தமிழ் வாசகர்களுக்குப் பீகாரின் பழம்பெரும் பல்கலைக்கழகமே நினைவுக்கு வரும். நான் இங்கு எழுத முனைவது இலங்கையின் நாலந்தாவைப் பற்றி. மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால், கிழக்கே ஒரு சிறு பாதை பிரிகிறது. அப்பாதை போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் கரையில் சென்று முடிகிறது. அங்கே கருங்கல்லால் அமைந்த சிறிய கட்டடம் ஒன்று தனித்து நிற்கிறது. அதுவே நாலந்தா கெடிகே.

மாமல்லபுரத்து இரதங்களைக் கண்டவர்கள் இதனைக் கண்டதும் சற்றுத் திகைத்து நிற்பர். கருவறை, முன்மண்டபம், அதன்மேல் எழும் விமானம், குதிரை இலாட வடிவிலான கூடுகள் என யாவும் பல்லவர் சிற்ப மரபை நினைவூட்டுவன. கட்டடமோ பௌத்தருடைய சிலைமனை. கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பது ஆய்வாளர் கணிப்பு. தென்னாட்டுச் சிற்பமுறை, மகாயான வழிபாடு, தாந்திரிகச் சாயல் ஆகிய மூன்றும் ஒரே கல்லில் கூடிக் கலந்திருக்கின்றன. கட்டுவித்தவர் யார், செதுக்கிய சிற்பி யார் என்று நமக்குச் சொல்ல அங்கே எந்தப் பெயரும் இல்லை.

இக்கட்டடம் இன்றுள்ள இடமும் இதன் பிறப்பிடம் அன்று. மகாவலித் திட்டத்தின் கீழ் 1970களில் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, கெடிகே நின்ற வயல்வெளி நீரில் மூழ்கும் நிலை வந்தது. ஆகவே கல் கல்லாகப் பிரித்தெடுத்து, உயர்ந்த நிலத்தில் மீண்டும் அடுக்கினார்கள். மீள்கட்டுமானம் 1980இல் நிறைவுற்றது. ஒவ்வொரு கல்லும் எங்கிருந்து வந்தது, எங்கே போய்ச் சேரவேண்டும் என்று குறித்துவைக்காமல் இத்தகைய வேலை நடவாது. இந்தக் குறித்துவைக்கும் பழக்கத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒரு கேள்வி

மாத்தளையில் வாழும் என் தம்பியின் பேரன் கணினித் துறையில் படிப்பவன். அவனும் தோழர் இருவரும் சேர்ந்து கணினி விளையாட்டொன்றை ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். நீரில் மூழ்கப்போகும் கோயிலொன்றை, கல்லின் இடம் மாறாமல் பிரித்துக் கரைசேர்ப்பதே ஆட்டம். கற்பனை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. சென்ற ஆண்டு நான் மாத்தளை சென்றிருந்தபோது அதனை எனக்குக் காட்டினான். படங்கள் அழகாக இருந்தன. பின்னணி இசை அதைவிட அழகாக இருந்தது.

"இவையெல்லாம் எங்கே பெற்றாய்?" என்று கேட்டேன்.

"இணையத்தில் எடுத்தவை, தாத்தா. எல்லாம் ஃப்ரீதான்" என்றான்.

ஐம்பது ஆண்டுக்காலம் பத்திரிகை அலுவலகங்களில் கழித்த எனக்கு அந்தப் பதில் மிகவும் பழக்கமானது. 'நன்றி: இணையம்' என்று படத்தின் கீழே அச்சிட்டுவிட்டு நிம்மதியாக உறங்கிய ஆசிரியர்கள் பலரை நான் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவன். ஆகவே அவனைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இருக்கவில்லை. நானும் அவனும் சேர்ந்து அமர்ந்து, ஒவ்வொரு படமும் ஒவ்வோர் இசைத்துணுக்கும் எங்கிருந்து வந்தன, எந்த நிபந்தனையில் வந்தன என்று தேடத் தொடங்கினோம். அத்தேடலில் கற்றவற்றையே இங்கு தொகுத்துத் தருகிறேன்.

இலவசமும் கட்டற்றதும்

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிக்கிறது. அதனால் அவர்கள் பட்ட தொல்லை கொஞ்சமன்று. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் இவ்விரு சொற்களையும் பிரித்தே ஆண்டு வருகிறார்கள். விலையின்றிக் கிடைக்கும் படத்தைப் பார்க்கலாம், இரசிக்கலாம். அதனை மாற்றவும், பிறருக்குப் பகிரவும், விற்கும் பொருளுக்குள் வைக்கவும் உரிமை உண்டா என்பது வேறு கேள்வி. அந்த உரிமையை எழுத்தில் தருவதே திறந்த உரிமம்.

பதிப்புரிமைச் சட்டங்களின் தாயென்று சொல்லப்படுவது 1710இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம். 1886இன் பேர்ன் உடன்படிக்கை அதனை நாடுகளுக்கு இடையிலான ஒழுங்காக்கியது. பிரித்தானியரின் 1911ஆம் ஆண்டுச் சட்டமே இலங்கையிலும் நெடுங்காலம் செல்லுபடியானது. 1979இல் புலமைச் சொத்துச் சட்டக்கோவை வந்தது. இப்போது உள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம். அதன்படி, படைத்தவரின் ஆயுளும் அதற்குப்பின் 70 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். இந்தியாவில் அது ஆயுளும் 60 ஆண்டுகளும். பதிவு செய்ய வேண்டியதில்லை, 'உரிமை உடையது' என்று எழுதிவைக்க வேண்டியதுமில்லை. வரைந்து முடித்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. எனவே, ஒரு படத்தின் கீழ் எதுவும் எழுதப்படவில்லை என்றால் அது பொதுச்சொத்து என்று பொருளன்று. தொடக்கூடாது என்பதே பொருள்.

இந்தப் பூட்டை உடைக்காமல், அதே சாவியைக் கொண்டு திறக்கும் வழியை முதலில் கண்டவர்கள் மென்பொருளாளர்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1989இல் ஜிபிஎல் என்னும் பொது உரிமம் வெளிவந்தது. பயன்படுத்து, மாற்று, பகிர். ஆனால் பகிரும்போது நீ பெற்ற அதே உரிமையைப் பிறருக்கும் கொடு என்பது அதன் சாரம். எழுத்து, படம், இசை ஆகியவற்றுக்கு ஏற்ற உரிமங்களைச் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக்கும் நண்பர்களும் 2001இல் நிறுவிய கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு 2002 டிசம்பரில் வெளியிட்டது. தமிழில் இதனைப் 'படைப்பாக்கப் பொதுமங்கள்' என்று வழங்குகிறார்கள்.

பாரதி பாட்டுக்கு யார் சொந்தக்காரர்?

இவையெல்லாம் மேல்நாட்டுப் புதுமை என்று வாசகர் நினைக்கலாகாது. நம் மொழியில் இதற்கு முன்னோடியான வழக்கொன்று உண்டு. 1921இல் மறைந்த பாரதியாரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கைமாறி, திரைப்பட அதிபர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்திருந்தது. 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் ஒலித்த பாரதி பாடல்களைக் கேட்காத தமிழரில்லை. அடுத்த ஆண்டில் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது, உரிமை பற்றிய வழக்கு மூண்டது. மக்கள் கவிஞனின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் திரண்டனர். மெய்யப்பச் செட்டியார் பொருள் எதுவும் பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு, 1949 மார்ச்சில் பாரதி நூல்களின் உரிமையை அரசுடைமையாக்குவதாக அறிவித்தது. குடும்பத்தாருக்குப் பணம் வழங்கப்பட்டது. பின்னர் அவை பொதுமக்களுக்கே உரியவையாயின. வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி இதனை 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்ற நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அன்றைய இந்தியச் சட்டப்படி ஆயுளும் 50 ஆண்டுகளும் என்று கணக்கிட்டால், பாரதி பாடல்கள் 1971இன் முடிவில்தான் விடுதலை பெற்றிருக்கும். ஓர் அரசு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நாளை முன்னே கொண்டுவந்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் செய்வதும் அதுவே. வேறுபாடு என்னவெனில், அங்கே அரசு செய்ததை இங்கே படைத்தவரே, தாம் வாழும் காலத்திலேயே, தம் கையால் செய்துகொள்கிறார்.

பேரனின் விளையாட்டிலும் ஒரு பாரதி பாடல் இருந்தது. "பாரதி பாட்டு பொதுச்சொத்துதானே, தாத்தா?" என்று வெற்றிக்களிப்போடு கேட்டான். பாட்டு பொதுச்சொத்துதான். அவன் எடுத்திருந்ததோ அண்மைக்காலப் பாடகி ஒருவரின் ஒலித்தட்டு. சொல் பாரதியினுடையது, மெட்டு இன்னொருவருடையது, குரல் மூன்றாமவருடையது, பதிவு நான்காமவருடையது. இசையில் உரிமை வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக இருக்கிறது. மேல்தோல் உரிந்துவிட்டதென்று உள்ளே உள்ளதும் உரிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. அந்தப் பாடலை எடுத்துவிட்டான்.

உரிமங்களை வாசிக்கும் முறை

உரிமங்களின் சுருக்கெழுத்துகள் முதலில் அச்சமூட்டும். உண்மையில் அவை நான்கு நிபந்தனைகளின் சேர்க்கை மட்டுமே. முதலாவது, பெயர் சொல்லுதல். இரண்டாவது, மாற்றியமைத்தால் அந்த ஆக்கத்தையும் அதே உரிமத்தில் வெளியிடுதல். மூன்றாவது, வணிக நோக்கின்றிப் பயன்படுத்துதல். நான்காவது, மாற்றாமல் பகிர்தல். இவை நான்கும் இல்லாமல், இயன்ற அளவு எல்லா உரிமையையும் துறந்துவிடுவது 2009இல் வந்த 'சிசி சுழியம்'.

விளையாட்டு ஆக்குவோருக்கு மூன்றாவதும் நான்காவதும் ஆகாதவை. இன்று விலையின்றித் தரும் விளையாட்டில் நாளை ஒரு விளம்பரம் வைத்தால், அது வணிகமா அல்லவா என்ற வாதம் எழும். மாற்றக்கூடாத படத்தை அசையவைத்து வெளியிட முடியாது. இசையில் இன்னொரு நுட்பம் உண்டு. அசையும் படத்தோடு காலம் பொருந்த இசையை இணைத்தாலே அது மாற்றியமைத்தல் ஆகும் என்று அவ்வுரிமங்களே சொல்கின்றன. ஆகவே மாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்த இசையை முன்னோட்டக் காணொளிக்குக்கூடப் பயன்படுத்த இயலாது. பேரனின் பட்டியலில் இப்படி மூன்று இசைத்துணுக்குகள் விழுந்துவிட்டன.

நல்ல களஞ்சியங்கள் இல்லாமல் இல்லை. பார்சலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தார் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட், ஒலிகளுக்கு. 2009இல் தோன்றிய ஓப்பன்கேம்ஆர்ட், விளையாட்டு ஓவியங்களுக்கும் இசைக்கும். இவற்றில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிமம் தனித்தனி. களஞ்சியத்தின் பெயரைப் பார்த்து நம்பிவிடாமல் பொருளின் கீழே உள்ள உரிமத்தைப் படிக்க வேண்டும். 2012இல் கிரியேட்டிவ் காமன்ஸ், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஆகியோருடன் ஓப்பன்கேம்ஆர்ட் சேர்ந்து நடத்திய போட்டியொன்றில், ஒரே பாணியில் ஒன்றோடொன்று பொருந்தும் ஓவியங்களைப் பல நாட்டுக் கலைஞர்கள் வரைந்தனர். இன்றும் மாணவர்களின் விளையாட்டுகளில் அந்தப் பாத்திரங்கள் நடமாடுகின்றன.

இன்னொரு கதையும் நினைவில் வைக்கத் தக்கது. 'கிளிட்ச்' என்ற இணைய விளையாட்டு 2012 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்கென வரைந்த ஓவியங்களில் பெரும்பகுதியை அதன் நிறுவனம் 2013இல் சிசி சுழியத்தின் கீழ் பொதுவில் விட்டது. விளையாட்டு இறந்தது, ஓவியங்கள் பிழைத்தன. உரிமையாளர் ஒருவரும் இல்லாமல் அலமாரியில் மடியும் படைப்புகளோடு இதனை ஒப்பிட்டால் திறந்த உரிமத்தின் பயன் விளங்கும்.

தமிழில் எழுத்துருவும் இவ்வகையில் ஒரு செல்வம். காட்டாமரன், மீரா இனிமை, பவனம், கவிவனார் முதலிய எழுத்துருக்கள் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. விளையாட்டோடு சேர்த்து விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது. இந்தச் சிறு நிபந்தனையைத் தவிர வேறு பெரிய தடையில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவும், 2005இல் ஈழத்தவர் தொடங்கிய நூலகமும் இந்தப் பகிர்வு மரபில் நம்மவர் செய்த தொண்டுகள்.

திறந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. கொடுத்தது கொடுத்ததுதான். ஆனால் கொடுத்தவருக்கு அதனைக் கொடுக்கும் உரிமை இருந்ததா என்பதைப் பார்க்க வேண்டும். பிறருடைய படத்தை எடுத்துத் தம் பெயரில் திறந்த உரிமத்தோடு ஏற்றிவிடுபவர்கள் உண்டு. திருட்டுப் பொருளைத் தானமாகப் பெற்றாலும் அது தானமாகாது. எனவே பெயர், படைத்தவர், பெற்ற இடம், உரிமம் ஆகிய நான்கையும், பெற்ற நாளோடு சேர்த்துக் குறித்துவைக்குமாறு பேரனிடம் சொன்னேன். ஒரு பயிற்சிக் கொப்பியில் கோடு போட்டு எழுதத் தொடங்கினான்.

பெயரில்லாத படம்

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டின் முதற்காட்சிக்கு, கெடிகே தன் பழைய இடத்தில், வயல்நடுவே நின்ற தோற்றம் அவனுக்குத் தேவைப்பட்டது. என்னிடம் அந்தப் படம் இருந்தது. 1970களின் முற்பகுதியில் நான் உதவி ஆசிரியனாகப் பணியைத் தொடங்கிய பத்திரிகையில் வந்த துணுக்கு அது. கட்டுரையை எழுதியவன் நான். படத்தை எடுத்தவர் மாத்தளையைச் சேர்ந்த ஒரு படப்பிடிப்பாளர். வெயிலில் நடந்து, வயல்வரம்பில் நின்று எடுத்த படத்தைத் தபாலில் அனுப்பியிருந்தார். என் பெயர் கட்டுரையின் தலைப்பில் அச்சாகியிருக்கிறது. படத்தின் கீழ் 'நாலந்தா' என்ற ஒரு சொல் மட்டுமே உள்ளது. அவர் பெயரை இட இடமில்லாமற் போகவில்லை. இடவேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"இந்தப் படத்தை எடுத்தவர் யார், தாத்தா?" என்று கேட்டான். கொப்பியில் 'படைத்தவர்' என்ற கட்டத்தின்மேல் பேனாவை வைத்துக் காத்திருந்தான்.

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ நாள் நினைவைக் கிளறிப் பார்த்தேன். பத்திரிகை நின்று நெடுங்காலமாகிறது. மாத்தளையில் பழைய படப்பிடிப்பு நிலையங்கள் இருந்த தெருக்களில் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. படைத்தவர் பெயர் தெரியாவிட்டால் அனுமதி கேட்க வழியில்லை. அவர் இறந்த ஆண்டைக் கணக்கிடவும் வழியில்லை. பெயரறியாப் படைப்புக்கு, முதல் வெளியீட்டிலிருந்து 70 ஆண்டு என்பது இன்றைய இலங்கைச் சட்டம். அப்படிக் கொண்டாலும் அந்தப் படம் 2040களில்தான் பொதுவாகும். நான் அன்று ஒரு வரி சேர்த்திருந்தால், அவருடைய பிள்ளைகளையாவது தேடிக் கண்டு கேட்டிருக்கலாம். அவர்களும் மனமுவந்து தந்திருக்கலாம். நீரில் மூழ்கிய அந்த நிலத்தின் தோற்றம் என் அலட்சியத்தால் இரண்டாம் முறையும் மூழ்கிப்போனது.

நம் முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்கு ஒரு புலவரின் இயற்பெயர் தெரியவில்லை. அவர் பாட்டில் வந்த உவமையையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்று குறித்துவைத்தார்கள். பெயர் தெரியாவிடினும் பெயரில்லாமல் விடமாட்டோம் என்ற பண்பு அது. ஏடு கொடுத்தவர்களையெல்லாம் உ.வே. சாமிநாதையர் தம் முகவுரைகளில் நினைவுகூர்ந்தார். இந்தப் பரம்பரையில் வந்த நான் ஒரு வரியை மிச்சம் பிடித்தேன்.

பேரன் அந்தப் படத்தைப் பயன்படுத்தவில்லை. இருவரும் நாலந்தாவுக்குச் சென்று, நான் என் கைப்பேசியில் புதிதாக ஏழெட்டுப் படங்கள் எடுத்தேன். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கட்டடத்துக்குப் பதிப்புரிமை இல்லை. எனினும் தொல்லியல் களங்களில் வணிகப் படப்பிடிப்புக்குரிய அனுமதி வேறு விவகாரம் என்பதையும் அவனுக்குச் சொன்னேன். என் படங்களைப் பெயர் சொல்லி, அதே உரிமத்தில் பகிர்க என்ற நிபந்தனையோடு அவனிடம் எழுத்தில் கொடுத்தேன். அவற்றைப் பார்த்து அவனுடைய தோழி முதற்காட்சியைத் தானே வரைந்தாள். வயல்வெளியைக் கற்பனையில் வரைந்தாள்.

இசைக்கு மாத்தளையிலேயே வழி பிறந்தது. கோயில் திருவிழாவில் வாசிக்கும் தவில்காரர் ஒருவரையும் நாதஸ்வரக்காரர் ஒருவரையும் தேடிச் சென்று, என்ன நோக்கம், யார் யார் பயன்படுத்தக்கூடும் என்பதைத் தெளிவாகச் சொல்லி, எழுத்தில் இசைவு பெற்றுப் பதிவு செய்தார்கள். பாடுவோருக்கும் இசைப்போருக்கும் சட்டம் தனியுரிமை தருகிறது என்பதை அந்த இரு கலைஞர்களும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்களாம். "எங்கள் பெயர் வருமா, தம்பி?" என்பதே தவில்காரர் கேட்ட ஒரே கேள்வி.

வருகிறது. விளையாட்டின் இறுதியில் பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. வேறு நாட்டு ஓவியர் எழுவர், ஒலிப்பதிவாளர் நால்வர், தவில்காரர், நாதஸ்வரக்காரர், எழுத்துருவை வடித்தவர், அடியேன். ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் பெற்ற இடமும் உரிமமும் இருக்கின்றன. அந்தக் கொப்பியிலோ ஒரு வரி இன்னும் நிரப்பப்படாமல் கிடக்கிறது. 'நாலந்தா, வயல்நடுவே. படைத்தவர்:' என்பதற்குப் பின் எதுவும் இல்லை. அழிக்க வேண்டாம் என்று பேரனிடம் சொல்லியிருக்கிறேன்.

1970களின் முற்பகுதியில் மாத்தளையில் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்து, கொழும்புப் பத்திரிகைகளுக்குத் தபாலில் அனுப்பிய ஒருவரை இதனைப் படிக்கும் யாரேனும் அறிந்திருக்கக்கூடும். தந்தையாகவோ பாட்டனாராகவோ அயலவராகவோ நீங்கள் அவரை அறிந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்த வரியை நிரப்ப வேண்டிய கடமை இன்னும் என்னிடமே இருக்கிறது.